வழிக்கிற காலும் நிற்கிற காலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே வந்தேன். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்ததும் உட்காரலாம் என்பேன், ஆடி போய்விடும். தை பிறக்கட்டும் என்பேன், அதுவும் போய்விடும். எழுதினால் சாமி காரியத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டான் என்று பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர், இவன் இன்னும் மூடநம்பிக்கையை விடவில்லை பார் என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் பயந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு வேறு. ஆனால் ஊரில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லத் தொடங்கிய பிறகு, கால் என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நான் காலால் பிறந்தவன். எல்லோருக்கும் தலை முதலில் வரும், எனக்குக் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவன் காலால் வழித்துவிட்டால் சுளுக்கும் இடுப்புப் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்து நம்பிக்கை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக, செவ்வாய்க்கிழமை காலை என்றால் எங்கள் கூடத்தில் யாராவது குப்புறப் படுத்திருப்பார்கள். வலது காலைக் கழுவி, விளக்கெண்ணெய் தொட்டு, அம்மன் பேரைச் சொல்லி, முதுகில் மேலிருந்து கீழே மூன்று முறை வழிப்பேன். படுத்திருப்பவர் வயதில் பெரியவர் என்றால் முதலில் அவர் காலில் விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகுதான் என் காலை வைப்பேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. அம்மன் படத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

வலது கால் வழிக்கும்போது உடம்பை இடது கால்தான் தாங்கும். கைக்கு ஜன்னல் கம்பி. ஊரே வலது காலைக் கும்பிட்டது. இடது காலைப் பற்றி நானும் நினைத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. வாரம் முழுக்கக் கம்பெனி பஸ், ஷிப்ட், தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாலிபால். ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு மைதானம், என் வயதுக்காரர்கள் சிலர், பையன்களும் சிலர். பந்தயத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை, வேர்க்கட்டும் என்று ஆடுகிறவர்கள். என் மனைவியின் தம்பியும் எங்கள் அணிதான். எகிறிப் பந்தைத் தடுத்துவிட்டு இறங்கும்போதெல்லாம் என் இடது கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கும். ஒரு தரம், இரண்டு தரம் இல்லை, மடங்குவதே அதற்குப் பழக்கமாகிவிட்டது.

"இன்னா மாமா, ஊருக்கே சுளுக்கு வழிக்கிற, உனுக்கு சுளுக்குன்னா யாரு வழிக்கிறது?" என்பான் மச்சினன். "உன் காலாலயே உன்ன ஒதச்சிக்குவியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு அது பிடிக்காது. அவன் சாமி கும்பிடுகிறவன்தான், ஆனால் என் கால் விஷயத்தில் அவன் சிரிப்பில் ஒரு கள்ளம் இருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

ஒரு ஞாயிறு கால் மடங்கி வீங்கியது. அடுத்த செவ்வாய் அத்தை வந்துவிட்டார்கள், மச்சினனின் அம்மா, என் மாமியார். இடுப்புப் பிடித்துக்கொண்டு நிமிர முடியவில்லை. வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? காலில் விழுந்து எழுந்தேன், கால் கழுவினேன், ஒரு வழி வழித்தேன். இரண்டாவது வழியில் என் இடது கணுக்கால் பொசுக்கென்று வெளியே போனது. கம்பியை இறுக்கிப் பிடிப்பதற்குள் என் உடம்பு பாரம் முழுக்க வலது கால் வழியாக அத்தையின் இடுப்பில் இறங்கிவிட்டது.

"அம்மா!" என்று கத்தினார்கள். எனக்கு உயிர் போனது. அதற்குள் அவர்களே, "அங்கதான் மாப்ள! அங்கதான் புடிச்சிகினு இருந்துச்சி. கரெக்டா கண்டுபுடிச்சிட்ட பாரு" என்றார்கள்.

வாசற்படியில் டீ கிளாஸோடு மச்சினன் நின்றிருந்தான். பார்த்தான். ஒன்றுக்குப் பத்து பேசுகிறவன் பேசாமல் டீயைக் குடித்ததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்றிலிருந்து மனசில் ஒரே பாரம். மறுபடியும் இப்படி நடந்தால் யாராவது ஒருவருடைய முதுகெலும்பு என் காலால் போகும். நிறுத்திவிட்டாலோ, அம்மன் எதற்காக என்னைக் காலால் பிறக்கவைத்தாள்? அம்மன் முன்னால் நின்று கேட்டேன். அவள் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறே மைதானத்துக்கு ஒரு பெண் வந்தாள். அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம், பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் பிசியோதெரபி படிக்கிறாளாம். எங்களைப்போல வாரம் ஒரு நாள் விளையாடுகிறவர்களுக்குக் கணுக்கால் தசையைப் பலப்படுத்தினால் கால் எவ்வளவு சுறுசுறுப்பாகிறது என்று பார்க்க வேண்டுமாம், அது அவள் படிப்புக்காம். அழைத்து வந்தது யார் என்றால், மச்சினன். அவன் கூட வேலை செய்கிறவரின் மகளாம்.

நான் கணக்குப் போட்டேன். செவ்வாய் என் கால் வழுக்குகிறது, ஞாயிறு கால் பார்க்கிற பெண் வருகிறாள்.

எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, நொண்டச் சொல்லி, குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். மற்றவர்களிடம் பேரும் வயதும் கேட்டாள். என் முறை வந்ததும், "அண்ணா, நீங்க ஒத்தக் கால்ல நிக்கும்போது எந்தக் கால்ல நிப்பீங்க?" என்றாள்.

நான் ஒற்றைக் காலில் நிற்கிற ஆள் என்று அவளுக்கு யார் சொன்னது? மச்சினனைப் பார்த்தேன். அவன் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே கல் மாதிரி இருந்த பந்துக்கு.

ஆளுக்கு ஒரு நீள ரப்பர் பட்டை கொடுத்தாள். ஒரு முனையைத் தூணிலோ கட்டில் காலிலோ கட்டிவிட்டு, மறுமுனையைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு, உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று நிதானமாக இழுக்க வேண்டும். வெளிப்பக்கம் இழுப்பதுதான் எனக்கு முக்கியம் என்றாள். பிறகு படிக்கட்டின் நுனியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, பிறகு கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது.

பட்டையை விரித்தேன், கையெல்லாம் வெள்ளையாக ஒரு தூள். திருநீறும் இல்லை, மாவும் இல்லை.

"இன்னாம்மா இது?"

"சும்மா பவுடர்ண்ணா. ஒண்ணும் பண்ணாது."

ஒன்றும் செய்யாது என்பதை நான் கேட்காமலே ஏன் சொல்ல வேண்டும்? என் வலது காலுக்கும் போடச் சொன்னாள். முடியாது என்றேன். சாமி கொடுத்த காலை ரப்பர் போட்டு இழுக்க எனக்கு மனசு வரவில்லை. "அது வேணாம்மா, வுட்டுடு" என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரிண்ணா, இடது கால் மட்டும்" என்றாள். ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்காது.

அதற்கப்புறம் ஸ்கேல் பரீட்சை. மைதானத்துச் சுவரோரம், சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு உட்காரவைத்து, பாதத்துக்கு எதிரே சுவரில் ஒரு நீளமான ஸ்கேலை வைத்துப் பிடிப்பாள். சொல்லாமல் விடுவாள். அது கீழே விழுவதற்குள் காலால் சுவரோடு அமுக்க வேண்டும். பையன்கள் பாதியிலேயே அமுக்கினார்கள். மச்சினன்கூட எப்படியோ அமுக்கிவிட்டான். எனக்கு ஒவ்வொரு தரமும் ஸ்கேல் தரையில் விழுந்து டங்கென்றது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, உங்க ரியாக்‌ஷன் லேட்டா இருக்கு."

எங்கள் வீட்டில் ரியாக்‌ஷன் என்றால் ஒன்றுதான் தெரியும். என் மனைவிக்கு ஒரு முறை ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கி, நர்சம்மா ஓடி வந்து "ரியாக்‌ஷன் ஆயிடுச்சி" என்றார்களே, அது. இப்போது இந்தப் பெண் பவுடரைத் தடவிவிட்டு, உங்களுக்கு ரியாக்‌ஷன் லேட்டாக இருக்கிறது என்கிறாள். அப்படியென்றால் இனிமேல்தான் வரப்போகிறது.

வீட்டுக்கு வந்து முட்டிவரை லுங்கியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்தங்க தேடறீங்க கால்ல?"

சொன்னேன். மருந்து வைத்திருப்பார்களோ என்றும் மெதுவாகச் சொன்னேன். அவள் பட்டையை வாங்கி மோந்து பார்த்தாள்.

"சைக்கிள் கடையில புது டியூப்ப பாத்ததே இல்லியா நீங்க? ரப்பர் ஒட்டிக்கக் கூடாதுன்னு போடற பவுடரு இது. மருந்து வெக்கிறவங்க ஊரே பாக்க மைதானத்துலயா வெப்பாங்க?"

"உன் தம்பி கூட்டினு வந்த பொண்ணு. நீ அப்டிதான் சொல்லுவ."

"ஆமா. எங்க குடும்பமே சேந்து உங்க காலத் திருடப் போறோம். வெச்சி குழம்பு பண்ண" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருந்தாலும் பட்டையை மஞ்சள் தண்ணீரில் அலசி, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தேன். அப்புறம் தினமும் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் இழுத்தேன். பலம் வரும் என்று நம்பி இல்லை. இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு உள்ளே இருந்தால்தான் முடியும் என்று. பூஜை அறைக்குப் பாதத்தைக் காட்டக் கூடாதே என்று கட்டிலையே திருப்பிப் போட்டேன். வெளிப்பக்கம் இழுக்கும்போது கெண்டைக்காலுக்கு ஓரமாக ஒரு தசை நடுங்கும். இப்படி ஒரு தசை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. யாரோ நமக்குத் தெரியாமல் வீட்டில் குடியிருந்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, டீக்கடைப் பெஞ்சில் மச்சினனும் அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் எழுந்து, ஒரு காலைத் தூக்கி, கையால் எதையோ பிடித்துக்கொள்வதுபோலக் காட்டிக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் கம்பியைப் பிடிக்கிற மாதிரியே. அவள் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் காலை இறக்கிவிட்டு, "வா மாமா, டீ சாப்புடு" என்றான். பேச்சு நின்றுவிட்டது.

"இன்னா பேசிகினு இருந்தீங்க?"

"சும்மா மாமா. வாலிபால்தான்."

வாலிபாலில் யார் ஒற்றைக் காலில் நின்று கம்பியைப் பிடிக்கிறார்கள்? என்னைக் கேலி செய்கிறார்கள் என்பது ஒரு எண்ணம். அதைவிட மோசமாக, நான் வழிப்பதைப் படம் பிடித்துப் போட்டு ஊரைத் திருத்தப் போகிறார்கள் என்று இன்னொரு எண்ணம். அந்த வாரம் வந்தவர்களைக் கால் வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் பொய்யும் இல்லை.

அடுத்த ஸ்கேல் பரீட்சையிலும் டங்கென்று விழுந்தது. எனக்கு மட்டும் சீக்கிரம் விட்டுவிடுகிறாள் என்று பட்டது. வெளிப்படையாகவே கேட்டுவிட்டேன்: "எனுக்கு மட்டும் முன்னாடியே வுடற இல்ல?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. "அண்ணா, நீங்க ஸ்கேலையே பாக்கல. என் முகத்தையேதான் பாத்துட்டிருக்கீங்க, முதல் நாள்லேருந்து" என்றாள்.

உண்மைதான். அவள் எப்போது ஏமாற்றுகிறாள் என்று கண்டுபிடிக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேல் விழுவது எனக்கு எப்படித் தெரியும்? மறுபடி வைத்தாள். ஸ்கேலைப் பார்த்தேன். விட்டாள். கால் தானாகப் போய் அமுக்கியது. பையன்கள் விசில் அடித்தார்கள். "ரியாக்‌ஷன்னா இதான்ணா. பாத்ததும் கால் போகுதே, அந்த நேரம்" என்றாள். அதற்கு அர்த்தம் இது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கோடையில் ஒரு ஞாயிறு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஆடப் போனோம். போகிற வழியில் தவக் காட்சி செதுக்கிய பெரிய பாறையைத் தாண்டும்போது, ஒற்றைக் காலில் நிற்கிற அந்தத் தவசியைக் காட்டி மச்சினன், "மாமா, உன் ஆளு. ரப்பர் பட்டை இல்லாமயே நிக்கறாரு பாரு" என்றான். நான் அந்தப் பக்கம் கும்பிட்டேன்.

மணல் என் காலுக்கு எமன். ஆட்டத்தின் நடுவில் எகிறி இறங்கினேன். காலடியில் மணல் சரிந்தது, கணுக்கால் வெளியே போனது. போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நான் விழுந்து கிடப்பேன். அன்றைக்குப் போன கால் திரும்பி வந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. நினைக்கக்கூட நேரமில்லை. கெண்டைக்காலின் ஓரத்தில் குடியிருந்தவன் இழுத்துப் பிடித்துக்கொண்டான். அப்படித்தான் சொல்லத் தெரிகிறது.

மச்சினன் பின்வரிசையிலிருந்து ஓடி வந்தான். "இன்னா மாமா, கால் வந்துச்சா? வந்துச்சி இல்ல?"

அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"என் கால் வந்தா உனுக்கு இன்னாடா? அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொல்லி வெச்சிகிற? டீக்கடையில என்ன மாதிரி நின்னு காட்டினியே, யாருக்கு?"

அவன் கையிலிருந்த மணலைத் தட்டினான். அப்புறம் கொட்டிவிட்டான்.

"எங்கம்மா முதுகு மேல நீ வுழுந்தத நான் பாத்தேன் மாமா. அம்மா அத சாமின்னு நெனச்சிகிச்சி. எனுக்குத் தெரியும், அது உன் கால் வழுக்குனது. நிறுத்துன்னா நீ நிறுத்துவியா? போவாதன்னா அம்மா போவாம இருக்குமா? ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட என் பேச்ச கேக்க மாட்டீங்க. அதான் அந்தப் பொண்ணுகிட்ட நின்னு காட்டினேன், இந்த ஆளு இப்டிதான் நிப்பாரு, வுழாம நிக்க வைன்னு. பெரியவங்க முதுகுல கால் வெக்கறதே தப்புன்னு அந்தப் பொண்ணு என்னைத் திட்டுச்சி. மொதல்ல அவர நிக்க வைம்மா, அப்பறம் திட்டிக்கலாம்னேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா செஞ்சிருப்பியா நீ?"

செய்திருக்க மாட்டேன். இவ்வளவு நாள் என் காலைப் பறிக்க வந்தவன் என்று நினைத்தவன், தன் அம்மாவின் முதுகுக்காகக் காவல் நின்றிருக்கிறான். அப்படியும் மனசின் ஒரு மூலை, இதையும் இவன் நன்றாகத்தான் சொல்லுகிறான் என்று நினைத்தது. சந்தேகம் ஒரு நாளில் போகிற சுளுக்கு இல்லை.

அத்தை மறுபடி வந்தார்கள், ஒரு செவ்வாய். இந்த முறை நான் ஜன்னல் கம்பியைப் பிடிக்கவில்லை. இடது காலில் நின்றேன். கட்டை மாதிரி நின்றது. அவர்கள் முதுகில் வலது காலை வைத்தபோது, ஆயுசில் முதல் முறையாக, நான் எவ்வளவு வைக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. பூ வைக்கிற மாதிரி வைக்க முடிந்தது. அப்படியே மூன்று வழி.

அத்தை எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். "இன்னா மாப்ள, இன்னிக்கு கால வெக்கவே இல்லியே நீ?"

"வெச்சேனே அத்த."

"இல்ல. முன்ன மாதிரி அமுந்தல. சத்தி கித்தி போயிடுச்சா?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. முன்னே அமுங்கியது என்ன? அம்மன் கொடுத்ததா, என் தள்ளாட்டமா? இத்தனை வருஷம் இத்தனை பேர் "அங்கதான், அங்கதான்" என்றார்களே, அது என் கால் கண்டுபிடித்த இடமா, என் கால் வழுக்கிய இடமா? ரப்பர் பட்டையைச் சந்தேகப்பட்டேன், படித்த பெண்ணைச் சந்தேகப்பட்டேன், மச்சினனைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய கால் என் உடம்பில்தான் இருந்தது.

அந்தப் பெண் மச்சினன் மூலமாகச் சொல்லி அனுப்பியபடி, அத்தையை அரசு ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு உளுத்துப் போயிருக்கிறது, யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மிதித்து என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கால் இரண்டும் கூசியது. அன்று இறங்கிய பாரம் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் என்று நினைத்து, ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றேன். மச்சினன் வண்டியில் காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை.

இப்போதும் செவ்வாய்க்கிழமை ஆட்கள் வருகிறார்கள். வயதானவர்களுக்கு முதுகில் கால் வைப்பதில்லை. காலில் விழுந்து கும்பிட்டு, அம்மன் பேரைச் சொல்லி, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்புகிறேன். அத்தைக்கு இதில் மனவருத்தம்தான், ஆனாலும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வயசுப் பிள்ளைகளுக்கு மட்டும் பூவாக வழிக்கிறேன். விட்டுப்போச்சு என்றுதான் சொல்கிறார்கள். எதனால் விட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இப்போது பயமாக இருக்கிறது. காலையில் பட்டையை இழுக்கிறேன், அப்புறம் விளக்கேற்றுகிறேன். புதுப் பட்டை வாங்கினால் இன்னும் மஞ்சள் தண்ணீரில்தான் அலசுகிறேன். மனைவி பார்த்துவிட்டு, "இன்னும் எங்க குடும்பத்து மேல டவுட்டு போவல" என்பாள்.

ஊரில் ஒரு கூட்டம், அம்மன் மணலில் வந்து அவன் காலைப் பிடித்தாள் என்று சொல்கிறது. அங்கே ரப்பரே கிடையாது. கம்பெனியில் ஒரு கூட்டம், படித்த பெண் வந்து அவன் வித்தையை அம்பலப்படுத்தினாள் என்கிறது. அங்கே அம்மன் கிடையாது. இரண்டு கதையிலும் மச்சினன் இல்லை, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். இதைப் படித்தவர்கள் அடுத்தவரிடம் சொல்லுங்கள், சொல்லத்தான் எழுதினேன். ஆனால் உங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடாதீர்கள், இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். இடது காலில் ரப்பர் இருந்தது, வலது காலில் எண்ணெய் இருந்தது, வாசற்படியில் ஒருத்தன் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.